பூட்டிய வட்டு

ஓமந்தூரில் உட்கார்ந்து நீங்கள் எழுதும் கணக்கேடு, சென்னைத் தரவு மையம் ஒன்றில் பதிவாகலாம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-இல் சென்னையிலும் மேகக் கணிமைச் சேவையைத் தொடங்கியது. அங்கே உங்களுக்கெனத் தனி வட்டு கிடையாது. பல வட்டுகளில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை மென்பொருள் கோத்து, ஒரே வட்டு போலக் காட்டுகிறது. இதுவே மெய்நிகர் வட்டு.

பழுதான வட்டைக் கழற்றிச் செல்பவர் உங்கள் கணக்கைப் படித்துவிட மாட்டாரா? மறையாக்கம் செய்திருந்தால் முடியாது. எழுதும்போதே ஒவ்வொரு துண்டும் உருமாறிவிடுகிறது. இதற்குப் பெரிதும் பயன்படுவது ஏ.இ.எஸ். முறை. பெல்ஜியம் நாட்டு டேமன், ரைமன் இருவரும் வகுத்த இதனை 2001-இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றது. 256 பிட் சாவியில் எத்தனை வகை உண்டு தெரியுமா? அந்த எண்ணை எழுத 78 இலக்கங்கள் வேண்டும்! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது நடவாத காரியம்.

அந்தச் சாவியையும் ஒரு தலைமைச் சாவியால் பூட்டி வைக்கிறார்கள். (பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.) தலைமைச் சாவி யாரிடம் இருக்கிறது? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நிறுவனத்திடம் என்றால், அது நினைத்தால் திறக்கலாம். உங்களிடம் மட்டும் இருந்து தொலைந்துபோனால், ஏடு அழிந்ததற்குச் சமம்.

இன்னொன்று: கணிப்பொறி இயங்கும்போது வட்டு உங்களுக்காகத் திறந்தே இருக்கிறது. உங்கள் கடவுச்சொல்லைத் திருடியவனுக்கும் அப்படித்தான்.