அண்ணாந்து பார்க்கப் பழகினோம்

மன்னார் மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் பெண்கள் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சேமிப்புக் கணக்கு, கோழிக்கூட்டுக்கான கடன் எல்லாம் கதைத்து முடிந்தன. மனதைத் தளர்த்த ஒரு சிறு பயிற்சி செய்வோம் என்று நினைத்து, "கடைசியாக எப்போது வானத்தை அண்ணாந்து பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். நிலாவைப் பற்றியோ மழை மேகத்தைப் பற்றியோ யாராவது சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். பின்வரிசையில் இருந்த அக்கா ஒருவர் சொன்னார்:

"கிபிர் வரேக்க பார்த்தது, தங்கச்சி. அதுக்குப் பிறகு பார்க்கேல்லை."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பகிடிக்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. சமூகவியல் படித்து, உளவளத்துணைப் பயிற்சிகளும் பெற்று வந்தவள் நான். யுத்தம் ஒரு பெண்ணிடமிருந்து வானத்தையும் எடுத்துவிடும் என்று எந்த விரிவுரையிலும் நான் கேட்டதில்லை.

அந்த அக்காவும் நானும் இன்னும் மூன்று தோழிகளும் சேர்ந்து பறவை பார்க்கப் போகத் தொடங்கிய கதைதான் இது.

ஐவர் சேர்ந்தோம்

மற்ற மூவரில் ஒருவர் என்னுடன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். நுவரெலியாவுக்கு அருகில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது மன்னாரில் ஆசிரியையாக இருக்கிறார். இன்னொருவர் மன்னாரைச் சேர்ந்த முஸ்லிம் தோழி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கைக்குழந்தையாகப் புத்தளத்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர். யுத்தம் முடிந்த பிறகு குடும்பத்துடன் ஊர் திரும்பினார். மூன்றாமவர் தையல் வேலை செய்யும் ஒரு தங்கை. மூவருமே தங்கள் பெயர்களைப் போட வேண்டாம் என்றார்கள்.

முஸ்லிம் தோழியின் நானா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பைனாகுலர் ஒன்றுதான் எங்களிடமிருந்த ஒரே கருவி. அதை ஆளுக்கு ஆள் மாற்றிப் பார்ப்போம். ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவு செய்தோம். பஸ் காசு, ஒரு போத்தல் தேநீர், ரொட்டியும் சம்பலும். செலவு அவ்வளவுதான்.

செலவைவிட ஊர் வாய்தான் பெரிய தடையாக இருந்தது. "புருசனைக் காணாமல் தேடித் திரியிறவளுக்கு என்ன குருவி பார்க்கிற விளையாட்டு?" என்று அக்காவின் காதில் விழும்படியே கதைத்தார்கள். கணவனை இழந்த பெண் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போகலாம், மகிழ்ச்சிக்காக எங்கும் போகக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். முதல் இரண்டு மாதமும் அக்கா வரவில்லை. மூன்றாவது மாதம், "சுற்றுலா இல்லையம்மா, ஒரு பயிற்சி" என்று நான் அவருடைய மாமியாரிடம் சொல்லிக் கூட்டிவந்தேன். அது பொய்யில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

வங்காலைக் கரையில்

எங்கள் நாட்டில் இலையுதிர்காலம் இல்லை. ஆனால் வடக்கே தூர தேசங்களில் இலை உதிரத் தொடங்கும் செய்தி வாடைக்காற்றோடு இங்கே வந்து சேர்கிறது. பகற்பொழுது குறுகி, நீர்நிலைகள் உறைந்து, புழுவும் பூச்சியும் கிடைக்காமற் போகும்போது, பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் அவை வரும் பெரும் வழியின் தென் எல்லையில் இலங்கை இருக்கிறது. இங்கிருந்து நேர் தெற்கே போனால் அந்தாட்டிக்கா வரை தங்குவதற்கு நிலமில்லை. எனவே பல பறவைகளுக்கு எங்கள் களப்புகள்தான் கடைசித் தரிப்பிடம்.

மன்னார்த் தீவுக்குப் போகும் பெருந்தெருவின் இருபுறமும் உள்ள சேற்று நிலமும் களப்பும் சேர்ந்ததுதான் வங்காலைச் சரணாலயம். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பரப்பு 4,839 ஹெக்டேயர். எத்தனையோ தடவை பஸ்ஸில் அந்தத் தெருவால் போயிருக்கிறோம். யன்னலால் பார்க்கும்போது அது வெறும் சேறாகத்தான் தெரிந்தது.

இறங்கி நின்று பார்த்தபோதுதான் அந்தச் சேறு அசைவது தெரிந்தது. ஆயிரக்கணக்கில் காட்டுத்தாராக்கள். வால் நீண்டு ஊசிபோல் இருப்பது ஊசிவால் தாரா. செம்பழுப்புத் தலையும் நெற்றியில் வெளிர் மஞ்சளுமாக இருப்பது இன்னொரு வகை. கரையோரமாக உள்ளான்கள் சேற்றைக் குத்திக் குத்தி ஓடின. தூரத்தில் பூநாரைக் கூட்டம் ஒன்று நின்றது. அவை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து உணவை வடித்து உண்பவை. அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் பிறவியில் வருவதல்ல. குஞ்சு சாம்பல் நிறமாகவே இருக்கும். தின்னும் சிற்றுயிர்களிலும் பாசியிலும் உள்ள நிறப்பொருள்தான் சிறகில் சேர்கிறது. இதைக் கேட்ட தையல் தங்கை, "அப்ப நல்லாச் சாப்பிட்டால்தான் வடிவு" என்றாள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தவள் அவள். ரொட்டிப் பொதியை அவளிடம் முதலில் நீட்டினோம்.

2021ஆம் ஆண்டு கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் ஒரு கடற்காகத்தின் முதுகில் சிறிய ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி விட்டார்கள். 'மேகா' என்று பெயரிடப்பட்ட அந்தப் பறவை, ரஷ்யாவின் வடகோடியில் உள்ள யமால் குடாநாடு வரை பறந்து போய், பிறகு மன்னாருக்கே திரும்பி வந்தது. இதை நான் சொன்னபோது முஸ்லிம் தோழி சற்று நேரம் பேசாமல் நின்றார். "உம்மா சொல்லுவா, ஒக்டோபர் கடைசியிலதான் எங்களைப் போகச் சொன்னாங்களாம். பறவை எல்லாம் வந்து இறங்குற மாதம்" என்றார். பைனாகுலரை அக்காவிடம் கொடுத்துவிட்டு அவரே தேநீர் ஊற்றத் தொடங்கினார்.

கட்டுக்கரைக் குளத்தில்

அடுத்த மாதம் முருங்கன் பக்கமாகக் கட்டுக்கரைக் குளத்துக்குப் போனோம். அருவியாற்று நீரைத் தேக்கம் அணையில் மறித்து இந்தக் குளத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மன்னாரின் வயல்களை வாழவைக்கும் பழைய குளம் இது. 1954இலிருந்து சரணாலயமாகவும் இருக்கிறது. மாரி மழையில் குளம் நிரம்பியிருந்தது. கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்தன. பட்ட மரமொன்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவிட்டிருந்தன.

நாங்கள் கட்டில் ஏறியதும் ஆட்காட்டி ஒன்று கத்திக்கொண்டு எழுந்தது. அக்கா சட்டென்று குனிந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்காட்டி என்ற சொல் நம்மிடையே நல்ல சொல் அல்ல. இரவில் ஆள் நடமாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் பறவை அது. இடம்பெயர்ந்து இருட்டில் நடந்தவர்களுக்கு அதன் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்தில் அமர்ந்து, அது ஏன் கத்துகிறது என்று சொன்னேன். ஆட்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. முட்டைக்கு மறைப்பே இல்லை. யாராவது நெருங்கினால் அவரைத் திசைதிருப்பத்தான் தாயும் தந்தையும் மேலே எழுந்து கத்துகின்றன.

"அப்ப அது எங்களைக் காட்டிக்குடுக்கேல்லையே. தன்ர பிள்ளையைத்தானே மறைக்குது" என்றார் அக்கா.

நீண்ட நேரம் அந்தப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இந்தத் தாராவெல்லாம் போன வருசம் வந்ததோ, தங்கச்சி?"

"ஓம் அக்கா. பல பறவைகள் ஒவ்வொரு வருசமும் அதே இடத்துக்கு வரும்."

"எல்லாம் திரும்பி வருது. அவர்தான் வரேல்லை."

2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அன்று மூன்று வயதாக இருந்த மகள் உயர்தரம் எழுதி முடித்துவிட்டாள். மனுக்களின் பிரதிகள், பதிவுத் துண்டுகள், ஒரு புகைப்படம் எல்லாம் வைத்த பைல் ஒன்று அக்காவின் பைக்குள் எப்போதும் இருக்கும். அன்றும் இருந்தது.

நான் பதில் சொல்லவில்லை. "நம்பிக்கையோடு இருங்கள்" என்று சொன்னால் பொய்யாகலாம். "மறந்துவிட்டு வாழப் பாருங்கள்" என்று சொன்னால் கொடுமை. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை ஆராய்ந்த போலின் பொஸ் என்ற அறிஞர், 1970களில் இந்த நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத துக்கத்துக்கு ஒரு முடிவைத் திணிக்க முடியாது, தேடுவதையும் வாழ்வதையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக வேண்டியிருக்கிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். பாடப்புத்தகத்தில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவள் நான். குளக்கட்டில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

மலைநாட்டில் ஆறு மணி

அடுத்த கார்த்திகையில் ஆசிரியைத் தோழி எங்களைத் தன் வீட்டுக்கு அழைத்தார். அக்கா வீட்டைவிட்டு ஓர் இரவு வெளியே தங்கப்போவது பல வருடங்களில் அதுவே முதற்தடவை. இம்முறை மாமியாரிடம் நான் கதைக்கவில்லை. "நான் போட்டு வாறன்" என்று அவரே சொல்லிவிட்டு வந்திருந்தார். அனுராதபுரம், கண்டி என்று பஸ் மாறி மாறிப் போய், குளிரில் நடுங்கிக்கொண்டு லயத்துக் காம்பராவில் ஆறு பேர் படுத்தோம். ஆறாவது ஆள் தோழியின் அம்மா. முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர்.

விடிந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு நுவரெலியா நகரிலுள்ள விக்டோரியா பூங்காவுக்குப் போனோம். விக்டோரியா மகாராணியின் ஆட்சி வைரவிழா ஆண்டான 1897இல் பெயரிடப்பட்ட பூங்கா அது. பூந்தோட்டத்தைவிட அதன் ஓரத்து அழுக்கு நீரோடையும் புதர்களும்தான் பறவை பார்ப்பவர்களுக்குப் பிரசித்தம். அம்மா பக்கத்திலேயே வாழ்ந்தும் அதற்குள் கால் வைத்ததில்லை. "டிக்கட் எடுத்து உள்ளே போய் என்ன பறிக்கவா போறோம்?" என்று சிரித்தார்.

புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று கேட்டது. அம்மா நின்றுவிட்டார். "இது பெரட்டுக் குருவி. இது கத்தினா பெரட்டுக்கு நேரமாச்சுன்னு எழும்பி ஓடுவோம்" என்றார். காலையும் மாலையும் ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக் குருவி என்று நாம் சொல்வது இதைத்தான். இமயமலை அடிவாரம் முதலான இந்தியப் பகுதிகளில் கூடுகட்டி, ஒக்டோபர் அளவில் இங்கே வருகிறது. சருகைக் கிளறிக்கொண்டு அது வெளியே வந்தபோது பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று எல்லா நிறமும் ஒரே உடம்பில் இருந்தன.

"முப்பது வருசமா சத்தம் கேட்டிருக்கேன். இன்னைக்குத்தான் பார்க்கிறேன். இவ்வளவு அழகா இருக்குதே" என்றார் அம்மா. தலை குனிந்து கொழுந்தைப் பார்த்தே போன வருடங்கள் அவை.

நீரோடைக்கு மேலே ஒரு கிளையில் செம்மஞ்சள் நெஞ்சுடன் சின்னஞ்சிறு பறவை ஒன்று இருந்தது. காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீர்ப் பக்கத்து மலைக்காடுகளில் கூடுகட்டி, மாரிக்கு எங்கள் மலைநாட்டுக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் வருவது. எண்ணிக்கையில் குறைந்துவரும் இனம். அக்கா பைனாகுலரை இறக்காமலே கேட்டார்: "காஷ்மீரிலயும் சண்டைதானே தங்கச்சி?" ஓம் என்றேன். "பாவம். ரெண்டு பக்கமும் பார்த்துத்தான் பறக்க வேணும்" என்றார்.

ஒரு பைலும் ஒரு கொப்பியும்

இப்போது அக்காவிடம் ஒரு சிங்கக்கொடி அட்டைப் பள்ளிக் கொப்பி இருக்கிறது. திகதி, இடம், பறவை, எண்ணிக்கை. பெயர் தெரியாவிட்டால் "கால் மஞ்சள், வாலை ஆட்டும்" என்று எழுதுகிறார். வருடக்கணக்காகத் திகதியும் இடமும் பிழையில்லாமல் குறித்துவைத்துப் பழகிய கை அது. எங்களில் மிகச் சரியாகக் குறிப்பெடுப்பவர் அவர்தான். கணவருக்கான தேடல் நிற்கவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் பைலோடு போகிறார். பைலும் கொப்பியும் ஒரே பைக்குள் இருக்கின்றன.

விமானச் சத்தத்துக்கு அவர் இன்னும் திடுக்கிடுகிறார். ஆனால் திடுக்கிட்ட பிறகு தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். சில நேரம் அங்கே ஒரு பருந்து நிற்கிறது.

சகோதரிகளே, நீங்களும் போகலாம்

தூரம் போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் சரசாலை, தொண்டைமானாறு, கிழக்கே மட்டக்களப்பு வாவி, 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளம், உங்கள் ஊர்க் குளம் எதுவும் போதும்.

- ஐப்பசி முதல் பங்குனி வரை நல்ல காலம். காலை ஆறு முதல் ஒன்பது வரையும் மாலை நான்கு முதல் ஆறு வரையும் பறவைகள் அதிகம் தெரியும்.
- பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கண்ணும் காதும் ஒரு கொப்பியும் போதும். மங்கலான நிற உடுப்பு நல்லது.
- தனியே போகாமல் மூன்று நான்கு பேராகப் போங்கள். போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.
- கண்ணிவெடி அபாயப் பலகை உள்ள இடங்களிலும் அறியாத பற்றைக்காடுகளிலும் இறங்க வேண்டாம். தெருவிலும் குளக்கட்டிலும் நின்றே பாருங்கள்.
- கூட்டையும் முட்டையையும் தொடாதீர்கள்.
- ஐப்பசியில் களைத்துப்போன ஆறுமணிக் குருவி வீட்டுக்குள் வந்து விழுவதுண்டு. காகமும் பூனையும் அண்டாமல், காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டிக்குள் இருட்டில் சற்று ஓய்வாக வைத்திருந்து, தெளிந்ததும் புதரருகே விட்டுவிடுங்கள்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தை ஒரு நாளைக்குக் குளக்கட்டில் வைத்துப் பாருங்கள். சேமிப்புக் கணக்கை அங்கேயும் பார்க்கலாம்.