ஜரிகைக்கு மேல் சாயம்

தங்க ஜரிகை போட்டு நெய்த சேலையைச் சாயத் தொட்டியில் முக்கி எடுத்தால் என்ன ஆகும்? பாழாகிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? கும்பகோணத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் இருக்கிற கோடாலிக் கருப்பூர்க்காரர்கள் அதை வேண்டுமென்றே செய்தார்கள்! பருத்தி நூலோடு ஜரிகை சேர்த்து நெய்வார்கள். சாயம் ஏறக் கூடாத இடத்தில் உருக்கிய மெழுகைப் பூசிவிட்டு, சிவப்புச் சாயத்தில் தோய்ப்பார்கள். அந்தச் சிவப்புக்குள்ளிருந்து ஜரிகை செம்பு மாதிரி மின்னும். சும்மாவா, தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கென்றே செய்த சேலையாயிற்றே! 1855-இல் அந்த அரசு முடிந்தது. வாங்க ஆளில்லாமல் சேலையும் மெல்ல மறைந்தது.

மெழுகுக்குப் பதிலாக நூலால் முடிச்சுப் போட்டால், அது நம் மதுரைச் சுங்குடி. அதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை ஒன்று போதும். கஞ்சி போக நன்றாக அலசிவிட்டு, அங்கங்கே இறுக்கி முடிந்து, சாயத்தில் நனைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஐப்பசி அடைமழையில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், காயவே காயாது!