மாடியில் ஒரு பிடி மண் – 17: வீடு மாறும் செடிகள்

ஆடியில் வீடு மாற மாட்டார்கள். மார்கழியிலும் மாட்டார்கள். புரட்டாசியும் பலருக்கு ஆகாது. பிள்ளைகளுக்கு ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இத்தனையையும் கழித்துப் பார்த்தால், சென்னையில் வாடகை வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோதான் லாரி பிடிக்கிறார்கள். அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நாட்கள் அவை. பீரோவுக்கும் கட்டிலுக்கும் வெயில் ஒரு பொருட்டில்லை. நாலு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த கறிவேப்பிலைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இந்த வாரம் நுண்ணூட்டங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். வீடு மாறும் பருவம் நெருங்குவதால் அதைத் தள்ளிவைக்கிறேன்.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வழியில் சாகும் செடிகள் குறைவு. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, புது வீட்டின் முதல் பதினைந்து நாட்களில் சாகிறவைதான் அதிகம். அதுவும் கவனிப்பார் இல்லாமல் அல்ல, அதிகமாகக் கவனிக்கப்பட்டு.

வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொன்ன அன்றே செடி வேலையையும் தொடங்கிவிட வேண்டும். தொட்டியில் இருப்பவை கூடவே வரும். தரையில் நட்டவை? காம்பவுண்டு ஓரம் புதராக மண்டிக் கிடக்கும் குண்டுமல்லியைத் தோண்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். பதியம் போடுங்கள். தரைக்குப் பக்கமாக வளைகிற, பென்சில் கனமுள்ள கிளையாகப் பாருங்கள். அதில் ஒரு கணுவுக்குக் கீழே ஓர் அங்குல நீளத்துக்குப் பட்டையை லேசாகச் சீவுங்கள். அந்த இடம் மண்ணுக்குள் இருக்கும்படி, பக்கத்தில் வைத்த சிறு தொட்டியில் கிளையை வளைத்துப் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். கிளையின் நுனி வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். தொட்டி மண் காயவே கூடாது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். கிளை பிடிகொடுத்தால் வேர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். தாய்ச்செடிப் பக்கம் வெட்டிவிட்டு, ஒரு வாரம் அதே இடத்தில் விட்டுவைத்துப் பிறகு நகர்த்துங்கள். அதே மல்லி, அதே மணம், புது வீட்டில் தொடரும்.

தரையில் வளர்ந்த கறிவேப்பிலையின் ஆணிவேர் ஆழத்துக்குப் போயிருக்கும். மரத்தைத் தோண்டினால் மரமும் போகும், மனசும் போகும். அதைச் சுற்றி வேரிலிருந்து கிளம்பியிருக்கும் பக்கக் கன்றுகளில் ஒன்றைச் சொந்த வேரோடு பிரித்தெடுத்துத் தொட்டியில் வையுங்கள். முருங்கைக்குப் போத்து போதும். வெற்றிலைக்கும் மணி பிளான்ட்டுக்கும் கணுவோடு நறுக்கிய கொடி போதும். கற்பூரவல்லியை ஒடித்து நட்டால் பிழைத்துக்கொள்ளும். எதைக் கொண்டுபோகிறோம், எதன் வாரிசைக் கொண்டுபோகிறோம் என்று பிரித்துக்கொண்டாலே பாதிப் பாரம் குறைந்துவிடும்.

தொட்டிச் செடிகளை மூன்று வாரம் முன்னதாகக் கவாத்து செய்யலாம். ரோஜாவையும் செம்பருத்தியையும் தாராளமாக வெட்டலாம். தொட்டி மாற்றுவதாக இருந்தாலும் அப்போதே மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் புது வீட்டில் ஒரு மாதம் கழித்துத்தான். வீடு மாறும் வாரத்தில் வேரைத் தொடவே கூடாது. இலைகளைத் திருப்பிப் பார்ப்பதும் இந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலை. வண்டியில் செடிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு போகும்போது, ஒரு செம்பருத்தியில் இருந்த மாவுப்பூச்சி மற்ற செடிகளுக்கும் ஏறிவிடும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு கலந்து, சாயங்காலமாகத் தெளியுங்கள்.

தண்ணீர் முந்தின நாள் காலையிலேயே. கிளம்பும்போது ஊற்றினால் தொட்டியின் கனம் கூடும், ஒழுகும், தூக்குபவர் கையிலிருந்து நழுவும். மண் வறண்டு போனாலும் ஆபத்து, குலுங்கலில் பொலபொலவென்று உதிர்ந்து வேரை விட்டுவிடும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம்தான் பதம்.

கட்டுவதற்குப் பழைய நூல் புடவையைப் போல ஒன்று கிடையாது. கிழிசலான புடவையை நீளவாக்கில் நாலாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கிளைகளை அடியிலிருந்து மேல்நோக்கி, இலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாகவே அணைத்து, துணியைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். சணல் கயிறு தண்டை அறுக்கும், நூல் துணி அறுக்காது. சிறு தொட்டிகளைத் தக்காளி கிரேட்டில் நெருக்கமாக வைத்து, இடுக்குகளில் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். க்ரோ பேக்கைக் காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். பை தொங்கும், மண்கட்டி நடுவில் பிளக்கும். அடியில் ஒரு பலகையைச் செருகி இரண்டு பேராகத் தூக்க வேண்டும்.

சாமான் ஏற்றுகிற மூடிய கண்டெய்னர் லாரியில் செடிகளை ஏற்றவே ஏற்றாதீர்கள். மே மாத மதியத்தில் அந்தத் தகரப் பெட்டிக்குள் அடைபடும் சூட்டில் கற்றாழைகூடத் துவண்டுவிடும். ஊருக்குள்ளேயே என்றால் செடிகளுக்கென்று தனியாக ஒரு குட்டி யானை பிடியுங்கள். விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுங்கள். திறந்த வண்டியில் வெயிலை விடக் காற்றுதான் பகை. ஓடும் வண்டியின் காற்று இலையிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே வரும். நனைத்துப் பிழிந்த சாக்கை மேலே போர்த்தினால் போதும். காரில் ஏற்றினால், வழியில் சாப்பிட நிறுத்தும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் விட்டுப்போகக் கூடாது.

இதைவிட நல்ல வழி ஒன்று நம் வழக்கத்திலேயே இருக்கிறது. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சில நாள் கழித்துத்தான் பலர் சாமான்களைக் கொண்டுபோகிறார்கள். துளசி மட்டும் பால் காய்ச்சும் அன்றே போய்விடுகிறது. மற்ற செடிகளும் அந்த இடைவெளியில் போகட்டும். வீடு காலியாக இருக்கும்போது எந்தப் பால்கனியில் எத்தனை மணி வெயில் விழுகிறது என்று தெளிவாகத் தெரியும். சாமான் இறங்குகிற அமளியில் செடியை எங்கே வைப்பது என்று யாரும் யோசிப்பதில்லை, இடம் இருக்கிற மூலையில் வைத்துவிடுகிறார்கள்.

செடியைத் தூரம் கொண்டுபோவது எத்தனை சிரமம் என்பதற்கு நீலகிரியிலேயே ஒரு கதை உண்டு. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிக்குள் செடி தன் ஈரத்தைத் தானே சுழற்றிக்கொண்டு உயிரோடு இருப்பதை 1829-ல் கவனித்தார். 1833-ல் அப்படிப்பட்ட பெட்டிகளில் சிட்னி வரை செடிகளை அனுப்பியும் காட்டினார். மலேரியாவுக்கு மருந்தான கொய்னா தருகிற சிங்கோனாவை இந்தியாவுக்குக் கொண்டுவர, கிளமென்ட்ஸ் மார்க்கம் 1860-ல் பெருவில் கன்றுகளைத் திரட்டி அதே வார்டு பெட்டிகளில் ஏற்றினார். சூயஸ் கால்வாய் அப்போது இல்லை, அது 1869-ல்தான் திறந்தது. இங்கிலாந்து போய், எகிப்தைத் தரைவழியே கடந்து, செங்கடலின் கொதிப்பைத் தாண்டி, பம்பாய் வழியாக ஊட்டி வந்து சேர்வதற்குள் கன்றுகள் சீர்குலைந்துவிட்டன, அநேகமாக எல்லாமே செத்தன. அடுத்த ஆண்டு, ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஈக்வடாரில் வளர்த்தெடுத்த செம்பட்டைச் சிங்கோனா கன்றுகளை ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் கூடவே இருந்து கொண்டுவந்து சேர்த்தார். அவை பிழைத்தன. ஊட்டித் தோட்டத்தின் மேற்பார்வையாளர் வில்லியம் மெக்ஐவர் பதியம் போட்டும் தண்டு நட்டும் அவற்றைப் பெருக்கினார். வேறு இனம், வேறு கன்று என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் செடியோடு கூடவே வந்த அந்தத் தோட்டக்காரர் எனக்கு முக்கியமாகப் படுகிறார். செடி போகிற வண்டியில் வீட்டிலிருந்து ஒருவர் ஏறிக்கொள்ளுங்கள்.

இனி புது வீடு. இறக்கிய மறுநாள் காலையில் பாதிச் செடிகள் தலை தொங்கி நிற்கும். இங்கேதான் கை பதறுகிறது. ஏற்றி இறக்கும்போது தொட்டிக்குள் மண்கட்டி விரிசல் விட்டு, சல்லிவேர்கள் அறுந்திருக்கும். தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த மெல்லிய வேர்களின் நுனிப்பகுதிதான். மேலே இலைகள் வழக்கம்போல ஆவியை விட்டுக்கொண்டிருக்க, கீழே உறிஞ்ச ஆள் இல்லை. அதனால்தான் ஈரமண்ணிலேயே செடி வாடுகிறது. வாடியதைப் பார்த்துக் குடம் குடமாக ஊற்றினால், மிச்சமிருக்கும் வேருக்கும் காற்று கிடைக்காமல் அது அழுகும். ஆள்காட்டி விரலைப் பாதிவரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் செடி கேட்பது தண்ணீரை அல்ல, நிழலை.

வெயில் விஷயமும் இப்படித்தான். வடக்குப் பார்த்த பால்கனியில் வளர்ந்த இலை மெல்லியது. அதை மேற்கு வெயிலில் வைத்தால் இரண்டே நாளில் வெளுத்துக் கருகும். அந்த இலை இனி வெயிலுக்குப் பழகாது. அடுத்து வரும் துளிர்தான் அந்த வெயிலுக்கு ஏற்றபடி தடித்து வரும். அதனால் முதல் வாரம் எல்லாச் செடியும் நிழலில், அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஃபைகஸ் வகைகள் இடம் மாறினாலே இலையைக் கொட்டும். கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் காத்திருங்கள்.

தண்ணீரும் மாறியிருக்கும். பழைய வீட்டில் மெட்ரோ தண்ணீர், புது வீட்டில் உப்புப் போர் தண்ணீர் என்பது புறநகர்ப் பக்கம் சாதாரணம். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பொரிந்தால் உப்பு சேர்கிறது என்று பொருள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீரைக் குடிநீரில் கழுவியதாகப் பார்த்து, மென்மையான செடிகளுக்கு ஒதுக்குங்கள். மழை வந்தால் அண்டா வையுங்கள்.

உரத்தை மட்டும் பூட்டிவையுங்கள். அறுந்த வேரில் உரம் பட்டால் அது ஊட்டமாகாது, வேரைக் கருக்கும். புதுத் துளிர் இரண்டு விரற்கடை நீண்டு, அதில் இலை முழுதாக விரிந்த பிறகு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். அடுத்த பிடி அதிலிருந்து ஒரு மாதம் கழித்து.