ஆங்கிலத்துள் கலந்த பிரெஞ்சுச் சொற்கள்

ஒரு மொழியின் கடன்சொற்கள் அம்மொழியினர் பெற்றவற்றை மட்டுமன்றி இழந்தவற்றையும் காட்டுவன. இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலமும் ஒருகாலத்தில் தன் மண்ணிலேயே அரியணை இழந்து நின்ற மொழியே. அவ்வரலாற்றை அதன் அன்றாடச் சொற்களைக் கொண்டே நாம் அறியலாம்.

1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரில் மன்னர் ஹெரால்டை வென்று, நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தின் அரசரானார். நார்மானியர் பேசியது பிரெஞ்சின் ஒரு கிளைமொழி. அரசவையிலும் பிரபுக்கள் மாளிகையிலும் அதுவே கோலோச்சியது. ஆங்கிலம் உழவர் நாவில் உயிர் வாழ்ந்தது. 'கோர்ட்', 'ஜட்ஜ்', 'பிரிசன்', 'கவர்ன்மென்ட்', 'பார்லிமென்ட்' முதலியன பிரெஞ்சு தந்த சொற்கள். ஆள்வோர் மொழி ஆட்சிச் சொற்களை அளித்தது இயல்பே.

உணவிலும் இதன் சுவடு உண்டு. பசு 'கௌ', அதன் இறைச்சி 'பீஃப்'. செம்மறி 'ஷீப்', அதன் இறைச்சி 'மட்டன்'. முன்னவை ஆங்கிலம், பின்னவை பிரெஞ்சு. மேய்த்தவர் மொழி தொழுவத்திலும் உண்டவர் மொழி உணவுத் தட்டிலும் நின்றன என்பர். இவ்வேறுபாட்டை வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவல் பரவலாக அறியச் செய்தது. எனினும் இப்பாகுபாடு ஒரே நாளில் நிலைபெற்றதன்று. பிரெஞ்சுச் சொற்கள் நெடுங்காலம் உயிருள்ள விலங்குகளையும் குறித்தன.

இங்கு ஓர் உண்மை நோக்கத்தக்கது. பிரெஞ்சுச் சொற்கள் மிகுதியாகப் புகுந்தது படையெடுப்பை அடுத்த ஆண்டுகளில் அன்று. 13, 14ஆம் நூற்றாண்டுகளிலேயே. 1204இல் நார்மண்டி கைவிட்டுப் போனபின், பிரபுக் குடும்பங்கள் படிப்படியாக ஆங்கிலம் பேசலாயின. பழகிய சொற்களையும் உடன் கொணர்ந்தன. 1362இல், வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் எனச் சட்டம் பிறந்தது. அச்சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது என்பது வியப்பு! ஆகவே, கடன்சொற்கள் பெருகியது ஆங்கிலம் வீழ்ந்ததனால் அன்று. மீண்டும் எழுந்ததனால் எனலாம். இலக்கண அமைப்பும் 'மதர்', 'ஃபாதர்', 'வாட்டர்', 'பிரெட்' போன்ற அடிப்படைச் சொற்களும் ஆங்கிலமாகவே நின்றன.

ஆயினும் இழப்பும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் தாயின் உடன்பிறந்தான் 'ஏயாம்'. தந்தையின் உடன்பிறந்தான் 'ஃபேதெரா'. பிரெஞ்சிலிருந்து வந்த 'அங்கிள்' இவ்விருவரையும் ஒரு சொல்லில் அடக்கியது. பழஞ்சொற்கள் இரண்டும் வழக்கொழிந்தன. அதே 'அங்கிள்' இன்று நம் இல்லங்களிலும் நுழைந்து, மாமாவையும் சாச்சாவையும், சித்தப்பாவையும் பெரியப்பாவையும் ஒருவராக்கி வருகிறது.

இல்லாத பொருளுக்கு வரும் சொல் மொழிக்கு வரவு. இருக்கும் சொல்லை அகற்றிவிட்டு அமரும் சொல் செலவு. வருவதை வரவேற்போம், ஆனால், நம் பிள்ளைகள் மாமாவை 'மாமா' என்றே அழைக்கட்டும்.