மேகத்துக்கு ஒரு விண்ணப்பம்

கிளியையும் அன்னத்தையும் மேகத்தையும் தூது அனுப்பிய மரபு நம்முடையது. சிற்றிலக்கியங்களில் 'தூது' என்று ஒரு தனி வகையே உண்டு. இன்று ஹிஞ்சவாடியிலும் கராடியிலும் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகளும் நாள் முழுவதும் மேகத்துக்குத்தான் தூது அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். "என்னப்பா வேலை?" என்று கேட்டால், "கிளவுடில் பைப்லைன் ஓட்டுகிறேன்" என்கிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி அதைக் குழாய் ரிப்பேர் வேலை என்று நினைத்துக்கொண்டால் அவர் மீது குற்றமில்லை!

இந்தத் தூது எப்படிப் போகிறது, பதில் எப்படி வருகிறது, நடுவில் என்ன தவறு நேரலாம், அந்தத் தவறு நம் வீட்டுப் பாஸ்புக் வரை எப்படி வந்து சேரும் என்பதைப் பெற்றோர்களுக்கும் வேலை தேடும் இளைஞர்களுக்கும் எளிமையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேகம் இருப்பது மண்ணில்தான்

'கிளவுட்' என்ற பெயரைக் கேட்டு ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். பெரிய கட்டடங்களில், குளிரூட்டிய அறைகளில், வரிசை வரிசையாக இயங்கும் கம்ப்யூட்டர்களே மேகம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு தனது 'அஷ்யூர்' மேகத்துக்காக இந்தியாவில் மூன்று மையங்களைத் திறந்தது. 'சென்ட்ரல் இந்தியா' எனப்படுவது நாம் வசிக்கும் இதே புனேயில் இருக்கிறது. 'சவுத் இந்தியா' சென்னையில், 'வெஸ்ட் இந்தியா' மும்பையில். அமேசான் 2016-இல் மும்பையில் தன் மையத்தைத் தொடங்கியது. ஆக, பிள்ளைகள் அனுப்பும் தூது சில சமயம் நம் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான் போகிறது.

பைப்லைன் என்றால் என்ன?

நாற்பது கிளைகள் உள்ள ஒரு நிதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். தினமும் மாலையில் எல்லாக் கிளைகளின் வசூல் கணக்கும் தலைமை அலுவலகத்துக்கு வர வேண்டும். வந்ததைச் சரிபார்க்க வேண்டும். கூட்டிக் கழித்து, யார் யார் கணக்கிலிருந்து எவ்வளவு தவணை பிடிக்க வேண்டும் என்ற பட்டியலைத் தயாரித்து வங்கிக்கு அனுப்ப வேண்டும். அந்நாளில் ஹெட் கிளார்க் இரவு ஒன்பது மணி வரை பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். இன்று அந்த வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைத்து மென்பொருளே செய்கிறது. அந்தக் கோவைதான் பைப்லைன்.

இதற்கான மென்பொருள்கள் பல. ஏர்பிஎன்பி நிறுவனத்தில் 2014-இல் பிறந்த 'ஏர்ஃப்ளோ' இன்று அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டம். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்டின் 'டேட்டா ஃபேக்டரி' 2015-இலும், அமேசானின் 'ஸ்டெப் ஃபங்ஷன்ஸ்' 2016-இலும் வந்தன.

இவற்றைக் குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்கலாம். யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'க்ரான்' என்ற பெயரில் 1970-களிலிருந்தே இந்த வசதி உண்டு. ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்பினால் போதாது. இரவு பத்து மணிக்கு ஓட வேண்டிய வேலை, ஒரு கிளையில் மின்சாரம் போய்க் கணக்கு வராவிட்டாலும் பத்து மணிக்கே ஓடிவிடும். பட்டியல் அரைகுறையாகப் போகும். கடைசிக் கிளையின் கணக்கு வந்து சேர்ந்ததும், "எல்லாம் வந்துவிட்டது, இனி தொடங்கு" என்று சொல்ல ஒரு வழி வேண்டும். அந்தச் சொல்தான் விண்ணப்பம். இதை மனிதர் யாரும் தட்டெழுத வேண்டியதில்லை. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் கேட்கிறது. அப்படிக் கேட்பதற்கென்று திறந்து வைத்த ஜன்னலுக்கு 'ஏபிஐ' என்று பெயர்.

ரிசர்வேஷன் படிவம் போல

ஊருக்குப் போக ரயில்வே கவுண்டரில் படிவம் நிரப்பிய அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. மேகத்துக்கு அனுப்பும் விண்ணப்பமும் அதைப் போன்றதே. டேட்டா ஃபேக்டரியை உதாரணமாகக் கொண்டால் அதில் நான்கு அம்சங்கள் இருக்கும்.

முதலாவது, முகவரி. எந்தச் சந்தா, அதில் எந்தத் தொகுப்பு, எந்த ஃபேக்டரி, எந்தப் பைப்லைன் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் 'கிரியேட் ரன்' என்று முடியும் இணைய முகவரி அது. இரண்டாவது, கேட்கும் முறை. தகவலைப் பார்க்க மட்டும் கேட்பது 'கெட்'. ஒரு செயலைத் தொடங்கச் சொல்வது 'போஸ்ட்'. இங்கே வேண்டியது போஸ்ட். மூன்றாவது, கேட்பவர் யார் என்பதற்கான அடையாளம். இதற்கு 'டோக்கன்' என்ற நீண்ட எழுத்துச் சரம் தரப்படும்; ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வரைதான் அது செல்லும். நான்காவது, விவரங்கள்: எந்தத் தேதிக் கணக்கு, எந்த மண்டலம் என்பவை. இவற்றை 'ஜேசன்' என்னும் எளிய வடிவில், பெயரும் மதிப்புமாக எழுதி அனுப்ப வேண்டும்.

படிவம் சரியாக இருந்தால் 200 என்ற எண்ணுடன் பதில் வரும். அதோடு 'ரன் ஐடி' என்ற ஓர் அடையாள எண்ணும் வரும். பத்து இலக்கப் பி.என்.ஆர். போல என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவம் தவறாக இருந்தால் 400. டோக்கன் செல்லாது என்றால் 401. ஆள் சரி, ஆனால் அனுமதி இல்லை என்றால் 403. அப்படியொரு பைப்லைனே இல்லை என்றால் 404. ஓயாமல் கதவைத் தட்டினால் 429, அதாவது "கொஞ்சம் பொறு, பிறகு வா."

பி.என்.ஆர். வந்தால் பயணம் முடிந்துவிடுமா?

புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் இடறி விழும் முதல் இடம் இதுதான். 200 வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த 200-க்குப் பொருள், விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்பது மட்டுமே. பி.என்.ஆர். கையில் இருப்பவர் எல்லாம் சென்னை சென்ட்ரலில் இறங்கிவிட்டார் என்று அர்த்தமா?

ரன் ஐடியைக் காட்டி நிலவரம் கேட்க வேண்டும். வரிசையில் காத்திருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கிறது, வெற்றி, தோல்வி, ரத்து என்று ஏதாவது ஒரு பதில் வரும். ஐந்து நிமிடத்தில் முடியும் வேலையை அரை நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கலாம். இரண்டு மணி நேர வேலையை நொடிக்கொரு முறை கேட்பது நல்லதல்ல. டேட்டா ஃபேக்டரி ஓட்டங்களின் விவரத்தை 45 நாட்கள்தான் வைத்திருக்கும். ஆண்டுத் தணிக்கையின்போது ஆடிட்டர் கேட்டால் காட்ட வேண்டுமே! ஆகவே ரன் ஐடியையும் அதன் முடிவையும் தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?

இரண்டு முறை அனுப்பிவிட்டால்...

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். அந்நாளில் ஊருக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு, அம்மாவின் கையெழுத்துடன் ரசீதுச் சீட்டு திரும்பி வருகிறதா என்று காத்திருப்போம். சீட்டு வரவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். பணமே போய்ச் சேரவில்லை. அல்லது பணம் போய்ச் சேர்ந்து, சீட்டு மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. இங்கே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

மேகத்திலும் அதே கதை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பைப்லைன் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் பதில் திரும்பும் வழியில் நெட்வொர்க் அறுந்தது. அனுப்பிய மென்பொருள் என்ன செய்யும்? பதில் இல்லையே என்று மறுபடி அனுப்பும். மேகம் அதைப் புது விண்ணப்பமாகவே எடுத்துக்கொண்டு இன்னொரு ரன் ஐடி தரும். ஒரே வேலை இரண்டு முறை ஓடும்.

வெறும் அறிக்கை என்றால் அதிகம் நஷ்டமில்லை. நாம் சொன்ன தவணைப் பட்டியல் இரண்டு முறை வங்கிக்குப் போனால்? ஒரே மாதத்தில் வீட்டுக் கடன் தவணை இருமுறை பிடிக்கப்படும். அல்லது இரண்டாவது முறை கணக்கில் பணம் போதாமல் திரும்பி, அதற்கு அபராதம் விழும். வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஊருக்கு அனுப்புவதற்கும் எண்ணி வைத்த பணம் அது. தொகை பிறகு திரும்பி வரலாம். அதுவரை அந்தக் குடும்பம் யாரிடம் போய்க் கைமாற்று கேட்கும்? சம்பளமும் பென்ஷனும் தவணையும் செல்லும் 'நாச்' முறை, 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு, விடுமுறை நாட்களிலும் இயங்குகிறது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க இப்போது முடியாது. ஓட்டத்தை நடுவில் ரத்து செய்யலாம். ஆனால் ரத்து என்பது மிச்ச வேலையை நிறுத்துமே தவிர, நடந்து முடிந்ததைத் திருப்பாது.

இதற்கு மருந்து உண்டு. அனுப்புகிறவரே விண்ணப்பத்துக்கு ஓர் எண் இடலாம். "ஜூன் 5 தவணைப் பட்டியல்" என்ற பெயரை ஏர்ஃப்ளோவுக்கு ஓட்டத்தின் அடையாளமாகக் கொடுத்தால், அதே பெயரில் மறுபடி கேட்கும்போது 409 என்று மறுத்துவிடும். ஸ்டெப் ஃபங்ஷன்ஸின் சாதாரண வகையிலும் ஓட்டத்துக்குப் பெயரிடலாம். முடிந்த ஓட்டத்தின் பெயரில் 90 நாட்கள் வரை இன்னோர் ஓட்டம் தொடங்காது. டேட்டா ஃபேக்டரியில் இப்படிப் பெயரிட வழியில்லை. கேட்கும்போதெல்லாம் புது எண்தான். அங்கே மறுபடி அனுப்புமுன், அந்த நேரத்தில் தொடங்கிய ஓட்டங்களின் பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றுதான் ஓடலாம் என்று கட்டுப்பாடு விதித்தாலும் அது பாதி மருந்துதான். இரண்டாவது ஓட்டம் வரிசையில் நின்று பிறகு ஓடத்தான் செய்யும்.

முழு மருந்து வேலைக்குள்ளேயே இருக்க வேண்டும். இந்தத் தேதிப் பட்டியல் ஏற்கெனவே போய்விட்டதா என்று பார்த்து, போயிருந்தால் சும்மா இருக்க வேண்டும். கணக்கைச் சேர்த்துக்கொண்டே போகாமல், அந்த நாளின் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். எத்தனை முறை ஓடினாலும் விளைவு ஒன்றே என்ற நிலை வந்துவிட்டால், நள்ளிரவில் போன் மணி அடிக்காது.

இரவு ஒரு மணிக்கு என்ன தேதி?

இன்னொரு பொறி தேதியில் இருக்கிறது. மேகக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் நடக்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. நடு இரவு 12 மணி என்று எண்ணி, நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டால், வேலை நமக்குக் காலை 5.30-க்குத்தான் ஓடும்.

ஏப்ரல் 1-ஆம் தேதி இரவு ஒரு மணிக்கு ஒரு வேலை ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பொது நேரத்தில் அப்போது மார்ச் 31, இரவு 7.30. "இன்றைய தேதி" என்று பைப்லைன் தானாக எடுத்துக்கொண்டால், புது நிதியாண்டின் கணக்கு பழைய ஆண்டில் போய் விழும். ஆகவே தேதியைப் பைப்லைனிடம் ஊகிக்க விடாமல், விண்ணப்பத்திலேயே எழுதி அனுப்புவது நல்லது. பிறகு என்றைக்காவது அதே நாளின் வேலையை மறுபடி ஓட்ட வேண்டி வந்தாலும் அது உதவும்.

சாவி யார் கையில்?

டோக்கன் பெறுவதற்கு ஒரு ரகசியச் சொல் வேண்டும். அதை நிரலுக்குள் எழுதி வைப்பதும், வாட்ஸப்பில் நண்பருக்கு அனுப்புவதும், வீட்டுச் சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். ரகசியங்களுக்கென்று மேகத்தில் தனிப் பெட்டகம் உண்டு. அஷ்யூருக்குள்ளேயே இயங்கும் மென்பொருளுக்கு, ரகசியச் சொல்லே தேவைப்படாத 'மேனேஜ்டு ஐடென்டிட்டி' என்ற முறையும் உண்டு. பைப்லைனைத் தொடங்க மட்டும் வேண்டியவருக்குத் தொடங்கும் அனுமதியை மட்டும் கொடுத்தால் போதும். அழிக்கும் அனுமதி எதற்கு? ரகசியச் சொல்லுக்குக் காலக்கெடு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அது முடிந்த மறுநாள் டோக்கன் கிடைக்காது. எல்லா வேலையும் நின்றுவிடும். காலண்டரில் குறித்து வைத்தால் தீர்ந்தது.

இளைஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

இந்தத் துறையில் நுழைய விரும்பும் நம் பிள்ளைகள் எஸ்.க்யூ.எல்., பைத்தான் இரண்டையும் நன்றாகப் படிக்கட்டும். ஏர்ஃப்ளோவை வீட்டு லேப்டாப்பிலேயே நிறுவி, ஒரு சிறிய பைப்லைனை எழுதி, அதற்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்க்கட்டும். வேண்டுமென்றே நெட்வொர்க்கைத் துண்டித்து, என்ன ஆகிறது என்று கவனிக்கட்டும். "பதில் வராவிட்டால் என்ன செய்வாய்?" என்று நேர்காணலில் கேட்டால், "மறுபடி அனுப்புவேன்" என்பது அரை மதிப்பெண் பதில். "முன்பு அனுப்பியது ஓடியதா என்று முதலில் பார்ப்பேன்" என்பதே முழு மதிப்பெண் பதில்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. தீபாவளி இரவிலும் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் உடனே கோபித்துக்கொள்ளாதீர்கள். முகம் தெரியாத யாரோ ஒரு குடும்பத்தின் தவணை இரண்டு முறை பிடிபடாமல் அவன் காவல் காத்துக்கொண்டிருக்கலாம். "ரன் முடிந்ததா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தன் வேலை வீட்டில் இருப்பவர்களுக்கும் புரிகிறது என்ற மகிழ்ச்சி அவனுக்கு உண்டாகும்.