ஸ்டீயரிங் முனகினால் பம்ப்பை மாற்ற வேண்டுமா?

நம் வணிகர்கள் பலரிடம் பழைய குவாலிஸ், சுமோ, பொலிரோ போன்ற வண்டிகள் உள்ளன. குடும்பத்தோடு ஊருக்குப் போகவும் அதுதான், விடியற்காலையில் மண்டியிலிருந்து நாலு மூட்டை ஏற்றி வரவும் அதுதான். இவற்றில் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி சில வருடம் ஓடியபின், திருப்பும்போது 'ஊய்ங்' என்று முனகத் தொடங்கும். பட்டறைக்குப் போனால், "பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற பதில் சட்டென்று வரும். எடை குறைகிறது என்றால் தராசை மாற்றுமுன் படிக்கல்லைப் பார்க்கிறோம் அல்லவா? அதே நிதானம் இங்கும் வேண்டும்.

எஞ்சின் பெல்ட்டினால் சுழலும் ஒரு பம்ப், ஆயிலை அழுத்தத்துடன் ஸ்டீயரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. நம் கைக்கு வரவேண்டிய பாரத்தில் பெரும்பகுதியை அந்த அழுத்தம் தாங்குகிறது. வேலை முடிந்த ஆயில் டப்பாவுக்கே திரும்பிவிடும். (புதிய கார்களில் பெரும்பாலும் மின்சார மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங் வருகிறது. அவ்வகையில் ஆயிலும் பம்ப்பும் இல்லை. நாம் சொல்வது அதற்குப் பொருந்தாது.)

முனகல் கேட்டால் முதலில் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். இந்த ஆயில் எஞ்சின் ஆயிலைப்போல் எரிந்து குறைவதில்லை. மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடுவது கணக்கில் துண்டு விழுவதைக் கைக்காசு போட்டு மூடுவதற்குச் சமம். கசிவை விட்டுவைத்தால் பம்ப் வறண்டு ஓடி உண்மையிலேயே கெட்டுவிடும். பிறகு பாரம் ஏற்றிய வண்டியில், வளைவில் ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகக் கனக்கும். அது விபத்தில் கொண்டுபோய் விடக்கூடியது.

மட்டம் சரியாக இருந்தும் ஆயில் நுரைத்திருந்தால், உள்ளே காற்று புகுந்திருக்கிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ரப்பர் ஹோஸில் அழுத்தம் கிடையாது, உறிஞ்சல்தான் உண்டு. ஹோஸ் வெடித்தாலோ கிளிப் தளர்ந்தாலோ அதன் வழியே ஆயில் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டுக்கூட இராது, சத்தம் மட்டும் இருக்கும். பம்ப்போடு ஒப்பிட்டால் ஹோஸும் கிளிப்பும் சொற்பச் செலவு. சில வண்டிகளில் டப்பாவின் அடியில் சல்லடை இருக்கும். அது அடைத்துக்கொண்டாலும் இதே முனகல்தான்.

காற்றை வெளியேற்ற, முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் மெதுவாகப் பத்திருபது தடவை திருப்ப வேண்டும். இடையிடையே ஆயில் மட்டத்தைச் சரிசெய்து, பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, குமிழி அடங்கும்வரை மீண்டும் திருப்ப வேண்டும்.

காலையில் வண்டியை எடுத்ததும் 'கிரீச்' என்று அலறினால் அது பெல்ட் வழுக்குவது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள். உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தாலோ வெடிப்பு இருந்தாலோ பெல்ட்டை மாற்றலாம். தளர்ச்சி மட்டும்தான் என்றால் இறுக்கினால் போதும். மேடு பள்ளத்தில் 'டக் டக்' என்றால் பம்ப்புக்குச் சம்பந்தமில்லை. டை ராடு எண்டு, புஷ் முதலியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். கோடிவரை திருப்பிப் பிடிக்கையில் வரும் 'உஸ்' சத்தம் இயல்பானதே. ஆனால் ஐந்து விநாடிக்குமேல் அப்படியே பிடிக்க வேண்டாம், ஆயில் கொதித்துவிடும்.

நேராகப் போகும்போதும் கரகரப்பு ஓயாமல் இருந்தால்தான் பம்ப்பைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும், ஆறிய எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டர் பேரிங் தேய்ந்ததற்குப் பம்ப் பழி சுமப்பதுண்டு.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கையேட்டிலோ டப்பா மூடியிலோ குறித்துள்ள வகையையே ஊற்றுங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். ஒருவேளை பம்ப் மாற்றத்தான் வேண்டியிருந்தால், கறுத்த பழைய ஆயிலை முழுவதும் வடித்துக் கழுவிய பிறகே புதியதைப் பொருத்தச் சொல்லுங்கள். கழற்றிய பம்ப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.