மாவுப்பூச்சியும் பயாலஜி டீச்சரும்

"அண்ணா, நீட் எழுதலைன்னா பயாலஜி குரூப் எடுத்ததே வேஸ்ட் தானுங்களா?"

ஏரியூர் பஸ் ஸ்டாப்புல ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணு என்கிட்ட கேட்ட கேள்வி இது. ஏரியூர் தெரியாதவங்களுக்கு: தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் தாண்டிப் போகணும். இன்னும் கொஞ்சம் போனா நாகமரை. அங்க மேட்டூர் நீர்த்தேக்கம் கடல் மாதிரி விரிஞ்சு கிடக்கும், அக்கரை சேலம் மாவட்டம்.

"உங்க டீச்சர் என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டேன். "டாக்டர், இல்லேன்னா நர்ஸ்"னு சொன்னாங்களாம்.

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. அவங்க பெரும்பாலும் டிகிரி, பி.எட். முடிச்ச கையோட வகுப்புல வந்து நின்னவங்க. ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு வாரம் உட்கார்ந்து வேலை பார்க்க யாரும் அவங்களைக் கூப்பிட்டதில்லை. பார்க்காத வேலையைப் பிள்ளைங்களுக்கு எப்படிக் காட்டுறது?

ஒரு உதாரணம் சொல்றேன். தர்மபுரி, சேலம் பக்கம் மரவள்ளி போடாத ஊர் கம்மி. 2020ல கேரளாவுல முதல்ல கண்டுபிடிச்ச மரவள்ளி மாவுப்பூச்சி, சீக்கிரமே நம்ம பக்கமும் வந்துடுச்சு. குருத்து சுருங்கி, செடி வளராம நின்னுடும். மருந்து அடிச்சும் பெருசா பிரயோஜனம் இல்ல.

இதே பூச்சி எழுபதுகள்ல ஆப்பிரிக்காவுக்குள்ள புகுந்து, சாப்பாட்டுக்கே வழியில்லாமப் பண்ணியிருக்கு. அதுக்கு மருந்தா வந்தது இன்னொரு பூச்சி! பராகுவேயில கண்டுபிடிச்ச ஒரு குட்டிக் குளவி. பேரு அனாகைரஸ் லோபெசி. மாவுப்பூச்சிக்குள்ள முட்டை போடும். அதுல வர்ற புழு உள்ளுக்குள்ளயே தின்னு வளர்ந்து, குளவியா வெளிய வரும். அந்த வேலையை முன்னாடி நின்னு நடத்தின ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு கிடைச்சது. அதே குளவியைப் பெங்களூர்ல இருக்கற தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து வரவழைச்சு, 2022ல தமிழ்நாட்டு வயல்கள்ல விட ஆரம்பிச்சாங்க.

இப்போ இதுல எத்தனை வேலை இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. பூச்சி எந்த இனம்னு மைக்ரோஸ்கோப்ல பார்த்துச் சொல்ற ஆள் வேணும். வெளிநாட்டுக் குளவி நம்ம ஊர் நல்ல பூச்சிகளையும் தாக்குமான்னு அடைச்சு வெச்சு சோதிக்கணும். லேப்ல லட்சக்கணக்கா வளர்க்கணும். வயல்ல விட்டு, எண்ணிப் பார்க்கணும். இதுல ஒண்ணுக்குக்கூட எம்.பி.பி.எஸ். தேவையில்ல. ஒட்டுண்ணி வாழ்க்கை பாடத்தை நடத்துற டீச்சர், பையனோட அப்பா வயல்ல இருந்தே ஒரு குருத்தைக் கொண்டுவரச் சொல்லி ஆரம்பிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி அவங்க அதை ஒரு தடவை செஞ்சு பார்த்திருக்கணும்.

ஆசிரியர் பயிற்சின்னதும் ஒரு ஹால், ஒரு ப்ரொஜெக்டர், டீயும் வடையும்தான் ஞாபகத்துக்கு வருது. இதை மாத்தி யோசிச்சவங்க இருக்காங்க. மத்தியப் பிரதேசத்துல 1972ல 16 நடுநிலைப் பள்ளிகளோட ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் ஆரம்பிச்சது. அங்க ஆசிரியர்களை முதல்ல மாணவர்களா உட்கார வெச்சாங்க. விதையை முளைக்க வெச்சு, தப்பு பண்ணி, விஞ்ஞானிகளோட சண்டை போட்டுக் கத்துக்கிட்டாங்க. பயிற்சி முடிஞ்சு அப்படியே விட்டுடல, மாசாமாசம் கூடிப் பேசினாங்க. என்னைக் கேட்டா, அந்த மாசாந்திரக் கூட்டம்தான் உயிர்நாடி. நூத்துக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவின அந்தத் திட்டத்தை 2002ல மாநில அரசு நிறுத்திடுச்சு.

இன்னைக்கு நமக்குப் பக்கத்துலயே ஒண்ணு இருக்கு. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., கர்நாடகாவுல சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரே வளாகத்துல, அறிவியல் ஆசிரியர்களைத் தங்க வெச்சு, லேப்ல கையாலேயே பரிசோதனை செய்ய வைக்குது. உயிரியலும் உண்டு.

இன்னொரு விஷயமும் பயிற்சியில இருக்கணும்: அட்மிஷன் விதிகள். அரசுப் பள்ளியில 6ல இருந்து 12 வரை படிச்சவங்களுக்கு மருத்துவத்துல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல வந்தது எல்லாருக்கும் தெரியும். 2021ல அதே 7.5 பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டத்துக்கும் வந்துச்சு. வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவத்துல மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, ப்ளஸ் டூ மார்க்தான். பயாலஜி குரூப் எடுத்த புள்ளைக்கு இது தெரியலைன்னா ஒரு வருஷம் போயிடும், சில பேருக்குப் படிப்பே போயிடும்.

அந்தப் பொண்ணோட அப்பா நாகமரையில மீன் பிடிக்கிறவர். மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்துல இருக்கு, நாலு வருஷப் படிப்புன்னு சொன்னேன். "மீனுக்குமாண்ணா டிகிரி?"ன்னு சிரிச்சுது. அப்புறம் பஸ் வந்துடுச்சு. ஏறப் போனவ திரும்பி, "இத எங்க டீச்சர்கிட்ட நீங்களே சொல்றீங்களாண்ணா? நான் சொன்னா நம்ப மாட்டாங்க"ன்னா.